பரவாயில்லை என்று சொல்லக் கூடாத வகுப்பு

ஆளைக் கயிற்றால் கட்டும் ஷிபாரி என்ற ஜப்பானியக் கலையின் முதல் வகுப்பு. கயிற்றைத் தொட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எனக்கு ஒரு வார்த்தை தடை செய்யப்பட்டது.

என் இடது மணிக்கட்டைக் கணவன் கட்டி முடித்திருந்தான். ஆசிரியை பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "டைஜோபு" என்றேன். டோக்கியோவில் நான்கு வருடம் இருந்தால் நாக்கு தானாகச் சொல்லும் வார்த்தை அது. கடையில் பை வேண்டுமா என்றால் டைஜோபு. ரயிலில் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் டைஜோபு. வேண்டாம், சரி, வலிக்கவில்லை, வலித்தாலும் சொல்ல மாட்டேன், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நம் 'பரவாயில்லை'யின் கூடப்பிறந்தது.

அவர் ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தார். கயிறு தாதாமிப் பாயில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். "இந்த அறையில் அந்த வார்த்தை கிடையாது. சூடா, குளிரா, இறுக்கமா, எந்த விரல், அதைச் சொல்லுங்கள். டைஜோபு என்றால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை."

அவமானமாக இருந்தது. கட்டப் பழகத்தானே வந்தோம், கட்டப்படுவதற்கு எனக்கு என்ன பாடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதையும் சேர்த்து ஆறு மாதத்தில் ஐந்து வகுப்புகள் போனோம். எனக்குப் பிடிபடக் கடைசி வரை கஷ்டமாக இருந்தது இந்த ஒரு பாடம்தான்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் எழுத்திலும் அவன் இவன்தான், யாரும் கோபிக்க வேண்டாம். அவன் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறான். ஈரோட்டுக்காரன், மஞ்சள் மண்டிக் குடும்பம். நான் மதுரை. கல்யாணமாகி 11 வருடம், ஏழு வயதில் ஒரு மகள். வீடு நிஷி-கசாயில். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. சாயங்காலம் பூங்காவுக்குப் போனால் ஊஞ்சல் பக்கத்திலிருந்து தமிழ் கேட்கும். அப்படி ஓர் இடத்தில் இருந்துகொண்டு இந்த மாதிரி விஷயத்தை யாரிடம் விசாரிப்பது?

ஒரு ராத்திரி, மகள் தூங்கிய பிறகு, "ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது" என்றான். கேட்டான். சிரித்தேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான். இரண்டு மாதம் கழித்து, அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, வகுப்பு எடுப்பவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது நான்தான். அந்த இரண்டு மாதமும் மனசுக்குள் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

ஷிபாரி என்றால் ஜப்பானிய மொழியில் வெறுமனே கட்டுதல். பார்சலைக் கட்டினாலும் அதே வேர்ச்சொல்தான். கின்பாக்கு என்றால் இறுக்கக் கட்டுதல், இந்தக் கலைக்கு அங்கே வழங்கும் பெயர் அது. (எனக்கு இன்னும் அந்தச் சொல்லைக் கேட்டால் தாம்பூலத் தட்டுதான் ஞாபகம் வருகிறது.) கட்டுபவரை ஷிபாரிதே என்பார்கள், கட்டப்படுபவரை உகெதே. இரண்டிலும் வருகிற 'தே' என்பது கை. கொடுக்கிற கை, வாங்குகிற கை என்பது போல. இது யோகா மாதிரி, தியானம் மாதிரி, காமத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிலர் பூசி மெழுகுவார்கள். பொய். வேர் அங்கேதான் இருக்கிறது, நாங்களும் அதற்காகத்தான் போனோம். ஆனால் வகுப்பறையில் அது நடக்காது. நான் முழுக்கை பனியனும் கால்சட்டையும் போட்டிருந்தேன், கடைசி வகுப்பு வரை அதே உடைதான். வீட்டில் நடப்பது எங்கள் பாடு, அது இந்தக் கட்டுரையில் வராது.

மூன்று பேருக்கு எழுதியிருந்தேன். ஒருவர் கூட்டு வகுப்புதான் எடுக்கிறார், எட்டு ஜோடிகள் ஒரே கூடத்தில். கட்டணம் குறைவு, பலருக்கு அதுவே வசதியாகவும் இருக்கும். எனக்கு வெட்கம், அதோடு மொழிச் சிக்கல். எட்டு ஜோடிக்கு நடுவில் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று எத்தனை முறை கேட்பது? இரண்டாமவர் ஒரே வரியில் பதில் போட்டார்: மனைவியை அழைத்து வாருங்கள், முதல் நாளே அந்தரத்தில் தொங்கவிட்டுக் காட்டுகிறேன், படமும் எடுத்துத் தருகிறேன். என் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கணவனுக்குச் சொல்லித்தரப் போகிறாரா, தானே கட்டி அவனை வேடிக்கை பார்க்க வைக்கப் போகிறாரா என்றும் புரியவில்லை. விட்டுவிட்டோம். மூன்றாமவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பதிலோடு இரண்டு படிவம் அனுப்பினார், ஆளுக்கொன்று. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று குறிப்பு வேறு.

அந்தப் படிவத்தை ஆசிரியர் தேடும் யாரும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பழைய எலும்பு முறிவு, தோள் நழுவியது உண்டா? சர்க்கரை நோய்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை? மயக்கம் வருவதுண்டா? தூங்கும்போது கை மரத்துப்போவதுண்டா? உடம்பில் யாரும் தொடக் கூடாத இடம் எது? எதை நினைத்தால் பயம்? இதில் பாதியைக்கூடக் கேட்காதவரிடம் மணிக்கட்டை நீட்டக் கூடாது என்பது என் கட்சி.

கட்டணம் இரண்டு மணி நேரத்துக்கு 18,000 யென். மகளைப் பக்கத்து அடுக்ககத் தோழி வீட்டில் விட்டோம். என்ன வகுப்பு என்று கேட்டாள். "கயிறு வேலை" என்றேன். அவள் அதை மேக்ரமே என்று எடுத்துக்கொண்டு, பூந்தொட்டி தொங்கவிட ஒன்று பின்னித் தரச் சொன்னாள். மூன்றாவது மாதம் என் கணவன் நிஜமாகவே ஒன்று பின்னிக் கொடுத்தான். இன்னும் அவள் வீட்டுப் பால்கனியில் தொங்குகிறது.

கயிற்றுக்கு வருகிறேன். நாங்கள் முதல் வகுப்புக்குப் போகும் முன்பே ஆர்வக்கோளாறில் வீட்டுச் சாமான் கடையில் வெள்ளை நைலான் கயிறு வாங்கி வைத்திருந்தோம். ஆசிரியை அதைக் கையில் எடுத்து, ஒரு முனையைத் தன் முன்கையின் மேல் வைத்துச் சர்ரென்று இழுத்துக் காட்டினார். தோலில் சிவப்பாக ஒரு கோடு. வழுக்கும் கயிற்றில் முடிச்சு நிற்காது, நிற்க வைக்க இன்னும் இறுக்குவீர்கள், ஓடினால் தோல் எரியும் என்றார். மலிவான பருத்திக் கயிறு தோலுக்கு இதமாக இருக்கும், ஆனால் எடை விழுந்தால் முடிச்சு கல்லாகி அவிழ மறுக்கும். தன்னுடையதைக் கொடுத்தார். மூன்று புரிச் சணல், 6 மில்லிமீட்டர் தடிமன், 7 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். நடுவில் மடித்து இரட்டையாகத்தான் பிடிப்பார்கள். மடிப்பு முனை தலை, மற்ற இரண்டும் வால்.

கணவன் அதை மூக்கருகே கொண்டுபோனான். முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் கிசுகிசுத்தான்: "எங்கப்பா மண்டி வாசம்டீ."

சணல்தான், சாக்கு வாசம்தான். ஜப்பானியர்கள் இதை அசநாவா என்கிறார்கள். 'அச' என்பது சரியாகச் சொன்னால் வேறு நார், ஆனால் பேச்சில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. நாமும் சணப்பைச் செடியின் பெயரை வங்காளத்துச் சணலுக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள்தானே. சாக்குக்கு வருகிற அந்த மண்ணெண்ணெய் நெடி, ஆலையில் நாரை மென்மையாக்கத் தெளிக்கும் கனிம எண்ணெயால் வருவது. உடம்பில் கட்டும் கயிற்றை அந்த எண்ணெய் இல்லாத நாரில் முறுக்கச் சொல்லி வாங்குகிறார்கள். அப்படியும் அடி வாசம் போகாது. ரொம்ப நாள் ஆசைப்பட்டுக் கேட்ட விஷயம், கையில் வந்து நின்றதும் அப்பாவின் கடையாக மணக்கிறது. பாவம், அந்த முதல் அரை மணி நேரம் அவனால் எதிலும் மனம் ஒன்ற முடியவில்லை.

புதுக் கயிறு முரடாக இருக்கும். தண்ணீரில் நனைத்து இழுத்துக் கட்டிக் காயவைத்து, அடுப்புத் தீயின் மேல் வேகமாக ஓட்டிப் பிசிறைப் பொசுக்கி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஜோஜோபா எண்ணெயைக் கையில் தேய்த்து உருவிவிட வேண்டும். சிலர் கமேலியா விதை எண்ணெய், சிலர் குதிரைக் கொழுப்பு. எண்ணெய் கூடினால் கயிறு வழுக்கும், தூசி ஒட்டும். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். நாங்கள் முதல் முறை பஜ்ஜிக்கு ஊற்றுவது போல ஊற்றிவிட்டு ஒரு வாரம் காயவைத்தோம்.

அப்புறம் கத்தரிக்கோல். அவசர மருத்துவ ஊழியர்கள் ஆடையை வெட்டப் பயன்படுத்துவார்களே, கீழ் முனை தட்டையாக மழுங்கியிருக்குமே, அந்த வகை. தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவே நுழைத்தாலும் குத்தாது. கட்டுபவரின் கை எட்டும் இடத்தில் அது எப்போதும் இருக்க வேண்டும். இது எல்லாரும் சொல்வதுதான். ஆசிரியை அதோடு விடவில்லை. ஒரு சுருட்டிய மெத்தையை இரண்டு சுற்று கட்டி, "வெட்டுங்கள்" என்றார் கணவனிடம்.

அவன் கை முடிச்சைத் தேடியது.

"அவிழ்க்கச் சொல்லவில்லை."

மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தான், வைத்தான். நல்ல கயிறு, பளபளவென்று பழகிய கயிறு. இவன் வளர்ந்த வீட்டில் கயிற்றை வெட்டினால் அடி விழும். சாக்குத் தைத்த சணலைக்கூட உருவி, உண்டை சுற்றி ஆணியில் மாட்டி வைப்பாராம் மாமனார். நறுக்கென்று வெட்டி முடித்தபோது அவன் நெற்றி வியர்த்திருந்தது. ஆசிரியை சிரித்தார். "இன்றைய கட்டணத்தில் இந்தக் கயிறும் சேர்த்தி. ஒரு முறை வெட்டியவர்தான் தேவைப்படும்போது தயங்காமல் வெட்டுவார்."

வீட்டில் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிச்சு பழகும் முன்னால் ஒரு கயிற்றைப் பலி கொடுங்கள்.

முதல் நாள் கற்றது ஒரே ஒரு கட்டு. மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பட்டையாகப் படிய வேண்டும். ஒரு விரல் சுலபமாக உள்ளே போய் வர வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் சுருக்குப்போல இறுகாத முடிச்சு. கை மடியும் ரேகையின் மேல் கட்டாமல் கொஞ்சம் மேலே தள்ளி, முன்கையில். அவ்வளவுதான். இணையத்தில் பார்க்கிற வலைப்பின்னல் கோலங்களெல்லாம் இதற்கு அப்புறம். அவன் ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிட்டான், சோதிப்பவன் புத்தி. ஆனால் கண் முழுக்கக் கயிற்றில். ஆசிரியை அவன் கண்ணை ஒரு துண்டால் கட்டிவிட்டார். "கயிறு எங்கேயும் ஓடிப்போகாது. கைக்குத் தெரியட்டும். கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது." இருபது முறை கண்ணை மூடிக்கொண்டு கட்டினான். இருபத்தோராவது முறை துண்டை அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கட்டச் சொன்னார். கல்யாணத்தன்று மூன்று முடிச்சு போட்டபோதும் இவன் தாலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒளிப்படத்தில் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பு முழுக்க நரம்பு. கயிறே இல்லாமல் முக்கால் மணி நேரம். ரத்த ஓட்டம் குறைந்தால் கை நிறம் மாறும், குளிரும், அதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, அவிழ்த்தால் திரும்பிவிடும். நரம்பு அழுந்தினால் அப்படியில்லை. சுரீரென்று ஓடும், ஊசி குத்தும், சில சமயம் ஒன்றுமே தெரியாமல் பலம் மட்டும் போகும். அந்த நிமிடமே கயிறு கழன்றாக வேண்டும், காரணம் பிறகு பேசலாம். மேல்கையின் எலும்பைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக இறங்கும் ஒரு நரம்பு இருக்கிறது. அது பலமாக அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும், சரியாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகலாம். முழங்கைக்கு உள்பக்கம் இடித்தால் மின்சாரம் பாயுமே, அது இன்னொன்று. காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒன்று.

அதனால் "கை எப்படி இருக்கு?" என்று கேட்கவே கூடாது என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் டைஜோபுதான் வரும். வேலை கொடுக்க வேண்டும். கட்டைவிரலைத் தூக்கு. மணிக்கட்டைப் பின்னால் மடக்கு. விரல்களை விசிறி மாதிரி விரி. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடு. எல்லாம் நரம்புகளைச் சோதிக்கத்தான். பிறகு என் விரலை நெரி, எவ்வளவு பலம் என்று நான் பார்க்கிறேன். இதைக் கட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை செய்து, எனக்கு எது வழக்கமான பலம் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிய பிறகு சில நிமிடத்துக்கு ஒரு முறை.

கைகளைப் பின்னால் மடக்கி மார்பையும் மேல்கையையும் சேர்த்துக் கட்டும் தகாதே-கொத்தே என்ற கட்டுதான் ஜப்பானியக் கட்டுகளில் பேர்போனது. படங்களில் எல்லாரும் பார்ப்பது. அதைக் கேட்டோம். மேல்கை நரம்பு ஓடுகிற இடத்திலேயே கயிறு போகும் கட்டு அது, இந்த வருடம் இல்லை என்று ஒரே வார்த்தையில் மறுத்தார். அந்தரத்தில் தொங்குவது பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றார். கேட்கவில்லை. கழுத்தில் கயிறு எந்த வருடத்திலும் இல்லை. குடித்திருந்தால் வகுப்பு ரத்து.

வரலாறு பற்றி அவர் அதிகம் பேசவில்லை. எடோ என்ற பழைய சாமுராய் ஆட்சிக் காலத்தில் கைதிகளைக் கட்ட ஹோஜோஜுட்சு என்றொரு வித்தை இருந்தது, ஓடுகிறவனை மடக்கிச் சட்டென்று கட்ட ஒரு முறை, இழுத்துச் செல்ல நிதானமாகக் கட்டும் முறை வேறு, அங்கிருந்து நாடக மேடைக்கும் ஓவியத்துக்கும் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மலிவுப் பத்திரிகைகளில் ஊறி இன்றைய வடிவம் வந்தது என்று பத்து நிமிடத்தில் முடித்தார். தான் பழகியது யுகிமுரா ஹாருகியின் வழி என்றார். 2016 இல் இறந்தவர், தரையில் உட்கார்ந்து, குறைந்த கயிற்றில், வருடுவது போலக் கட்டியவர். மூன்றாம் வகுப்பு முடிந்ததும் நாங்களே ஓச்சானோமிசுவில் இறங்கி மெய்ஜி பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போனோம். இலவசம். குற்றவியல் பிரிவில் எடோ காவலர்கள் ஆளை மடக்கப் பயன்படுத்திய நீண்ட கவைக்கோல்கள், தண்டனைக் கருவிகள், கூடவே ஐரோப்பியக் கில்லட்டின் மாதிரி ஒன்றும் முள் பதித்த இரும்புக் கூண்டு மாதிரி ஒன்றும் நிற்கின்றன. கணவன் வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது.

இந்தக் கலையின் தந்தை என்று சொல்லப்படும் ஓவியர் இத்தோ செயு (1882–1961) கர்ப்பிணி மனைவியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒளிப்படம் எடுத்தவர். யோஷிதோஷி என்ற பழைய ஓவியர் அப்படித் தொங்கும் ஒரு கர்ப்பிணியை மரச்செதுக்கில் வரைந்திருந்தார், அந்தக் காட்சியை நேரில் பார்க்கும் ஆசையாம். அதைச் சிலர் கலை வெறி என்று சிலாகிப்பார்கள். எனக்கு அந்தப் பெண் அன்று என்ன சொன்னாள் என்பதில்தான் கவனம் போகிறது. அவளும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் யோசித்த நானே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தேன்.

மகள் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தாள். வீட்டில் இரண்டு மணி நேரம். இரண்டு முன்கைகளையும் முன்னால் சேர்த்துக் கட்டி, அங்கிருந்து முழங்கை வரை ஏணிப்படி மாதிரி ஏறும் ஒரு கட்டை அவன் முயன்றான். அழகாக வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது படியில் இடது கட்டைவிரலின் பின்புறம் ஏதோ எறும்பு ஊர்வது போல இருந்தது. அவன் "சரியா இருக்கா?" என்றான். பாருங்கள், கேள்வியே தப்பு. நான் "ம், பரவாயில்லை, முடி" என்றேன். இன்னும் இரண்டு படிதான். கெடுக்க வேண்டாமே. அப்போது பார்த்து வாசல் மணி. பார்சல்காரர். அவன் எழுந்து போகவில்லை, அதுமட்டும் இரண்டாம் வகுப்பில் நன்றாகப் பதிந்திருந்தது: கட்டப்பட்டவரைத் தனியாக விட்டுவிட்டு அடுத்த அறைக்குக்கூடப் போகக் கூடாது. மணி அடித்து ஓய்ந்தது. ஆனால் அந்தப் பதற்றத்தில் நான் உடம்பைத் திருப்ப, மணிக்கட்டுக் கயிறு ஒரு பக்கமாக இழுபட்டு எலும்போரம் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகும் மூன்று நான்கு நிமிடம் நான் வாய் திறக்கவில்லை.

அவிழ்த்த பிறகு எறும்பு போகவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடம் பஞ்சு ஒட்டியது போல ஆகிவிட்டது. விரல்கள் எல்லாம் அசைந்தன, பலம் இருந்தது. தொட்டால் மட்டும் வேறு யாருடைய கையையோ தொடுவது போல. இரவு பாத்திரம் துலக்கும்போது வெந்நீர் அந்த இடத்தில் மட்டும் சுடவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். என்ன நடந்தது என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் "கயிறு" என்று சொல்லிவிட்டான். மருத்துவரின் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. மணிக்கட்டோரம் தோலுக்கு அடியிலேயே ஓடும் உணர்வு நரம்பு இது, கைவிலங்கு இறுகினாலும் இறுக்கமான கைக்கடிகாரப் பட்டையாலும் இப்படி ஆவதுண்டு, அசைவு நரம்பு தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம், காத்திருங்கள் என்றார். ஒன்பது நாளில் சரியானது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "கதவில் மாட்டிக்கொண்டது" என்று ஏதாவது கதை விட்டிருந்தால் அவர் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கேட்டது ஒன்றுதான். "எப்ப ஆரம்பிச்சுது?" அஞ்சாவது படியில் என்றேன். "ஏன் சொல்லல?" அழகாக வந்துகொண்டிருந்தது, அதனால் என்றேன். மேலே பேசவில்லை. இரண்டு வாரம் அந்தக் கயிற்றுப் பையை அவன் தொடவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் தெரிந்தது. நான் சொல்லாமல் விட்ட நாலு நிமிடத்துக்கு அவன் இரண்டு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறான்.

ஆசிரியைக்கு எழுதினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நான்காம் வகுப்பில் கயிற்றை என் கையில் கொடுத்தார். இன்று நீங்கள் கட்டுங்கள், அவர் சொல்லட்டும்.

கட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. எதிரில் இருப்பவர் ஒன்றும் சொல்லாவிட்டால் கை இருட்டில் துழாவுவது போல இருக்கிறது. அவன் தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வலியா, கூச்சமா, மூச்சுதான் இழுத்தானா? "எப்படி இருக்கு?" என்று என் வாயிலும் அதே கேள்விதான் வந்தது. "நல்லா இருக்கு" என்றான் அவனும். ஆசிரியை கையை உயர்த்தினார். மீண்டும் தொடங்கினேன். "கட்டைவிரலத் தூக்கு." தூக்கினான். "இடது பக்கம் மேல இருக்கற சுத்து, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு இறுக்கம்?" யோசித்து "ஆறு" என்றான். ஆறு என்றால் எனக்கு அதிகம், தளர்த்தினேன். "நாலு." அந்த எண் கணக்கு இப்போது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தலைவலிக்கும் எண் சொல்கிறோம்.

அவன் கைகளை உடம்போடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றி முடித்து, பின்னால் உட்கார்ந்து, வால் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியை சொன்னதுபோல் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மெல்லிய குறட்டை. மனுஷன் தூங்கிவிட்டான். வீட்டுக்கு மூத்த பிள்ளை, இந்த நாட்டில் நாலு வருடமாக மூன்று நேர மண்டலக் கூட்டங்களில் உட்கார்கிறவன், கையில் கைபேசி இல்லாமல் ஐந்து நிமிடம் இருந்தான், அவ்வளவுதான். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், ஆனால் உடனே என் தோளைத் தட்டினார். தூங்குகிறவர் எதையும் சொல்ல மாட்டார். எழுப்ப வேண்டும். எழுப்பிக் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். தூக்கிவிட்டு, எந்த நிலையம் வந்துவிட்டது என்று கேட்டான்.

அவிழ்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் அதிகம் சொல்வதில்லை. கட்டியதற்குச் சமமான பொறுமையோடு, தோலின் மேல் உரசிக்கொண்டு ஓடாமல், ஒவ்வொரு சுற்றாக எடுக்க வேண்டும். மடங்கியிருந்த கையைக் கட்டப்பட்டவரே மெதுவாக நீட்டட்டும், பிடித்து இழுக்கக் கூடாது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தண்ணீர், ஒரு போர்வை, பத்து நிமிடம் சும்மா இருப்பது. கயிற்றின் தடம் தோலில் பின்னல் மாதிரி நிற்கும், அதற்கு நாவா-அதோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் மறையும், சில நாள் சாயங்காலம் வரை இருக்கும். திங்கள்கிழமை கூட்டம் இருந்தால் ஞாயிறு ராத்திரி வேண்டாம், கோடையில் அரைக்கைச் சட்டைக் காலத்திலும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மறுநாளோ அதற்கு மறுநாளோ காரணமில்லாமல் மனசு ஒரு மாதிரி கீழே இறங்கும். முதல் தடவை நான் பயந்துவிட்டேன். ஆசிரியை அது வந்து போகும், அன்றைக்குச் சேர்ந்து சாப்பிடுங்கள் என்றார். சேர்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம்.

ஐந்தாம் வகுப்பில் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. முதல் நாள் கற்ற அதே மணிக்கட்டுக் கட்டு, இரண்டு மணி நேரம். இந்த முறை அவன் இரண்டாவது சுற்று போடும்போதே நான் "சுண்டுவிரல் பக்கம் அஞ்சு, எலும்பு மேல ஏறுது" என்றேன். அவன் நகர்த்தினான். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

செர்ரி பூக்கும் நேரத்தில் மாமியார் ஈரோட்டிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்தார். கயிற்றுப் பையை அலமாரியின் மேல் தட்டில், குளிர்கால மெத்தைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தோம். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கூடத்தில் அவருடைய பெட்டி நிற்கிறது, பூட்டு சரியில்லாத பழைய பெட்டி. குறுக்கும் நெடுக்குமாக எங்கள் சணல் கயிறு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பட்டையாகப் படிந்து, நடுவில் ஒரே ஒரு முடிச்சு. கணவன் சுவரோரம் நின்றுகொண்டு என்னைப் பார்க்கவே இல்லை.

மாமியார் வால் முனையை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கயிறு கண்ணு. மூணு புரி, முறுக்கு கெட்டியா இருக்குது, ஆனாக் கைய அறுக்கல. எண்ணெயெல்லாம் போட்டு வெச்சிருக்கறீங்க. எங்க வாங்குனீங்க?"

"இங்கதானுங்க அத்தை, ஒரு கடையில."

"வேலைக்கு வேணும்னா சொல்லு, அவுத்துக் குடுத்தர்றேன்."

"பரவாயில்லைங்க அத்தை," என்றேன்.